தொண்ணூறு விநாடி சீசன்

2022 ஐ.பி.எல். போட்டியில் தினேஷ் கார்த்திக் 16 ஆட்டங்களில் சந்தித்த பந்துகள் மொத்தம் 180. வேகப்பந்து ஒன்று பந்துவீச்சாளரின் விரலை விட்டுக் கிளம்பி மட்டைக்கு வந்துசேர ஏறக்குறைய அரை விநாடி ஆகும். பெருக்கிப் பாருங்கள்: தொண்ணூறு விநாடி. இரண்டு மாதம் நடந்த போட்டியில், பந்து அவரை நோக்கி வந்துகொண்டிருந்த நேரத்தை எல்லாம் சேர்த்துவைத்தால் டிவியில் ஒரு விளம்பர இடைவேளை அளவுகூடத் தேறாது. அதற்குள் 330 ரன் எடுத்தார். ஆட்டம் முடிந்துபோன ஆள் என்று பலரும் கணக்கு முடித்துவிட்ட 36 வயதுக்காரர், மறுபடி இந்திய அணிக்குள் வந்துவிட்டார்.

எப்படி? ரசிகர்கள் 'வெறி' என்பார்கள், வர்ணனையாளர்கள் 'ஃபார்ம்' என்பார்கள். இரண்டும் பதில் ஆகாது. அந்த அரை விநாடிக்குள் புகுந்து பார்த்தால்தான் கொஞ்சம் பிடிபடும்.

முதலில் ஆளைப் பற்றிச் சுருக்கமாக. 1985இல் சென்னையில் பிறந்தவர். 2004 செப்டம்பரில் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவுக்காக முதல் ஒருநாள் ஆட்டம் ஆடினார். அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு விக்கெட் கீப்பரான தோனி வந்தார். அணியில் விக்கெட் கீப்பருக்கு இருப்பது ஓர் இடம்தான். அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். கூப்பிடும்போது கார்த்திக் வருவார், இடமில்லை என்றால் திரும்பிப் போவார். 2006 டிசம்பரில் ஜோஹன்னஸ்பர்க்கில் இந்தியா ஆடிய முதல் டி20 ஆட்டத்தின் ஆட்டநாயகன் அவர்தான் என்பதே பலருக்கு மறந்துவிட்டது. 2018 மார்ச்சில் கொழும்பில் வங்கதேசத்துக்கு எதிராக 12 பந்தில் 34 ரன் வேண்டியிருந்தபோது இறங்கி, 8 பந்தில் 29 எடுத்து, கடைசிப் பந்தைச் சிக்ஸருக்கு அனுப்பியதை யாரும் மறக்கவில்லை.

ஐ.பி.எல்.லிலும் அவர் பலமுறை பெட்டி கட்டியவர். டெல்லி, பஞ்சாப், மும்பை, மறுபடி டெல்லி, பெங்களூரு, குஜராத் லயன்ஸ், கொல்கத்தா, மறுபடி பெங்களூரு. 2014 ஏலத்தில் 12.5 கோடி ரூபாய்க்குப் போனவர், 2022இல் 5.5 கோடிக்கு வந்திருந்தார். 2021இல் இங்கிலாந்தில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியாட்டம் நடந்தபோது அவர் கையில் இருந்தது மட்டை இல்லை, மைக்.

அமெரிக்கக் கால்பந்திலும் இப்படி ஓர் ஆள் உண்டு. அங்கே குவார்ட்டர்பேக் என்றால், பந்தைக் கையில் வாங்கி யாருக்கு எறிவது என்று முடிவெடுத்துத் தாக்குதலை நடத்துபவர். ரயன் ஃபிட்ஸ்பேட்ரிக் 2005 முதல் 2021 வரை ஒன்பது அணிகளுக்கு அந்த வேலையைப் பார்த்தார். 2015இல், 32 வயதைத் தாண்டிய பிறகு, நியூயார்க் ஜெட்ஸ் அணிக்காக 31 டச்டவுன் எறிந்தார். அது அந்த அணியின் சாதனை. ஒன்று மட்டும் கவனியுங்கள். குவார்ட்டர்பேக்குக்கு யோசித்து எறிய இரண்டரை விநாடி அளவுக்காவது கிடைக்கும். நம் ஆளுக்குக் கிடைப்பது அதில் ஐந்தில் ஒரு பங்கு.

மணிக்கு 140 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 39 மீட்டர். பந்து விடுபடும் இடத்துக்கும் மட்டைக்கும் நடுவே சுமார் 18 மீட்டர். காற்றும் தரையும் கொஞ்சம் வேகத்தைத் தின்னும் என்பதையும் சேர்த்தால் அரை விநாடி. கண்ணில் பட்ட ஒன்றுக்கு உடம்பு பதில் சொல்லத் தொடங்கவே 0.2 விநாடி ஆகும். அதாவது, பந்து கடைசி ஏழெட்டு மீட்டரைக் கடக்கும்போது அது என்ன செய்தாலும் மட்டையாளரால் ஒன்றும் செய்ய முடியாது. கை ஏற்கெனவே கிளம்பியிருக்கும்.

'பந்தைக் கடைசி வரைக்கும் பார்த்து ஆடு' என்று எல்லாப் பயிற்சியாளரும் சொல்வார்கள். மட்டையாளரின் கண் அப்படிச் செய்வதில்லை. மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியாட் என்ற இரு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் மட்டையாளர்களின் தலையில் சிறு கேமராவை மாட்டி, கண் எங்கே போகிறது என்று பார்த்து 2000இல் எழுதினார்கள். பந்து கையை விட்டுக் கிளம்பும் அந்தக் கணத்தைக் கண் பார்க்கிறது. பிறகு பந்தை அம்போ என்று விட்டுவிட்டு, அது தரையில் விழப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவிப் போய்க் காத்திருக்கிறது. இந்தத் தாவலுக்கு 'விழித்தாவல்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். தாவும் நேரத்தில் கண் ஏறக்குறைய குருடு. நல்ல ஆட்டக்காரர், சுமாரான ஆட்டக்காரர் எல்லோரும் தாவுகிறார்கள். நல்லவர் சீக்கிரம் தாவுகிறார். பார்வைக் கூர்மையில் இல்லை வித்தியாசம், ஊகத்தில் இருக்கிறது.

அந்த ஊகமும் பந்து கிளம்புவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் புரூஸ் அபர்னெத்தி போன்றவர்கள் நடத்திய 'மறைப்புச் சோதனை' இதைக் காட்டியது. பந்துவீச்சாளர் ஓடிவரும் படத்தைப் போட்டு, பந்து கையை விடுவதற்குச் சற்று முன்பே திரையை இருட்டாக்கிவிடுவார்கள். பந்து எங்கே விழும் என்று கேட்டால், புதியவர் குருட்டாம்போக்கில் சொல்வார். தேர்ந்தவர் அதைவிட நன்றாகவே சொல்லிவிடுவார். பந்தையே பார்க்காமல்! மணிக்கட்டு, முழங்கை, தோள் எல்லாம் அவரிடம் செய்தி சொல்லிவிடுகின்றன.

ஊர் ஊராகச் சுற்றிய வாழ்க்கை இங்கேதான் லாபமாகிறது என்பது என் கட்சி. 2004இல் கான்ராட் கோர்டிங், டேனியல் வோல்பர்ட் இருவரும் ஓர் அழகான பரிசோதனை செய்தார்கள். விரலால் இலக்கைத் தொடச் சொல்லி, விரல் இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளியை மட்டும் ரகசியமாகக் கொஞ்சம் தள்ளிவைத்தார்கள். பல நூறு முறை தொட்ட பிறகு, எவ்வளவு தள்ளியிருக்கும் என்பதைக் கலந்துகொண்டவர்களின் மூளை தானாகவே கற்றுக்கொண்டது. புள்ளி தெளிவாகத் தெரிந்தபோது கண்ணை நம்பினார்கள். மங்கலாகத் தெரிந்தபோது பழைய அனுபவத்தின் பக்கம் சாய்ந்தார்கள். கண் தரும் தகவல் போதாதபோது மூளை எடுத்துப் பயன்படுத்தும் இந்தச் சேமிப்புக்கு 'முன்கணிப்பு' என்று பெயர்.

அரை விநாடியில் வரும் பந்து என்பது எப்போதுமே மங்கலான தகவல்தான். ஆறு அணிகளின் வலைப்பயிற்சியில், நாட்டின் பாதிப் பந்துவீச்சாளர்களோடு ஒரே பேருந்தில் போய்வந்தவருக்குச் சேமிப்பு எவ்வளவு இருக்கும்? அதோடு அவர் விக்கெட் கீப்பர். ஒவ்வொரு ஆட்டத்திலும் 20 ஓவர், பந்துவீச்சாளரின் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்து எழும் வேலை. கொல்கத்தாவில் சுனில் நரைன், வருண் சக்கரவர்த்தி, பேட் கம்மின்ஸ் என்று ஒவ்வொருவர் கையிலிருந்தும் வந்ததைக் கையுறையில் வாங்கியிருக்கிறார். 36 வயதில் தசை கொஞ்சம் மெதுவாகியிருக்கலாம். ஆனால் சேமிப்பு ஏறிக்கொண்டேதான் போகும்.

இனி எதிராளியின் பக்கம். கடைசி ஓவர்களில் பந்துவீச்சாளரின் பெரிய ஆயுதம் யார்க்கர், அதாவது மட்டையின் அடியில், காலடியில் நேராக விழும் பந்து. அடிக்க இடமே கொடுக்காது. ஆனால் அதைப் போடுவது எவ்வளவு கடினம் தெரியுமா? இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து 140 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும் பந்து, விடும் கோணத்தில் அரை டிகிரி பிசகினால் ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி விழும். கொஞ்சம் முன்னால் விழுந்தால் அடிக்க வாகான பந்து, கொஞ்சம் பின்னால் போனால் ஃபுல் டாஸ். இரண்டுக்கும் சிக்ஸர்தான் தண்டனை.

தினேஷ் கார்த்திக் போன்றவர்கள் இதில் ஒரு குறும்பு செய்கிறார்கள். கிரீஸுக்குள் ஒரு மீட்டர் பின்னால் போய் ஸ்டம்புக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார்கள். பந்து காலடியில் விழுவதற்குப் பதிலாக, ஒரு மீட்டர் முன்னாலேயே விழுந்து எழும்பி மட்டையின் நடுவுக்கு வரும். யார்க்கர் என்பது பந்தின் குணம் இல்லை, ஆள் நிற்கும் இடத்தைப் பொறுத்தது! கூடுதலாக விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரமும் கிடைக்கிறது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். அந்த நேரத்தில் மட்டையின் நுனி அரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும்.

அப்படிப் பின்னால் நிற்பவரை ஏமாற்றப் பந்துவீச்சாளர் வேகத்தை மாற்றுவார். அதே ஓட்டம், அதே கை வீச்சு. ஆனால் விரல்களைப் பந்தின் குறுக்கே இழுத்துவிட்டால், முன்னால் போகவேண்டிய ஆற்றலில் ஒரு பங்கு சுழற்சிக்குப் போய்விடும். இதுதான் 'கட்டர்'. 140இல் வரவேண்டியது 115இல் வரும். வித்தியாசம் விநாடியில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் மட்டையின் நுனி மணிக்கு 100 கிலோமீட்டரில் சுழன்றால் நூறில் ஒரு விநாடிக்குள் 28 சென்டிமீட்டர் நகரும். மட்டையின் அகலமோ 10.8 சென்டிமீட்டர். பத்தில் ஒரு விநாடி தவறினால் மட்டை போய் வெகுநேரம் கழித்துப் பந்து வரும்.

இந்த வித்தையில் உலகத்திலேயே கைதேர்ந்தவர்களில் ஒருவர் வங்கதேசத்தின் இடதுகைப் பந்துவீச்சாளர் முஸ்தஃபிசுர் ரஹ்மான். 2022 ஏப்ரல் 16, மும்பை வான்கடே மைதானம். டெல்லிக்கு எதிராக பெங்களூரு 92 ரன்னுக்கு 5 விக்கெட். தினேஷ் கார்த்திக்கோடு நின்றவர் ஷாபாஸ் அகமது. 18ஆவது ஓவரை வீச முஸ்தஃபிசுர் வந்தார். நான்கு, நான்கு, நான்கு, ஆறு, ஆறு, நான்கு. ஆறு பந்தில் 28. தினேஷ் கார்த்திக் 34 பந்தில் 66 எடுத்து ஆட்டமிழக்காமல் நிற்க, பெங்களூரு 189ஐத் தொட்டு 16 ரன்னில் ஜெயித்தது. கட்டர் போடுகிறவரிடம் கட்டருக்குக் காத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. காத்திருக்கத் தெரிவதுதான் மீதிப் பாதி. அதுதான் கஷ்டமும்.

சிக்ஸருக்கு எவ்வளவு வேகம் வேண்டும்? காற்றே இல்லாத உலகமாக இருந்தால், மணிக்கு 94 கிலோமீட்டரில் 45 டிகிரிக் கோணத்தில் கிளம்பும் பந்து 70 மீட்டர் போய்விடும். நம் காற்றில் இன்னும் கொஞ்சம் வேண்டும். இந்த வேகத்துக்குப் பந்து எவ்வளவு வேகமாக வந்தது என்பதைவிட மட்டை எவ்வளவு வேகமாகச் சுழன்றது என்பதே பல மடங்கு முக்கியம். பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருப்பது ஆயிரத்தில் ஒரு விநாடி அளவுதான்.

இதில் இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வழி. வரும் பந்தை நேராகத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால், அதன் வேகத்தை முதலில் கொன்று, பிறகு எதிர்த்திசையில் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஸ்கூப் அடியில் அப்படியில்லை. மட்டையைச் சரிவாகப் பிடித்து, பந்தைக் கீப்பர் தலைக்கு மேலே பின்னால் போகவிடுவது அது. பந்தின் திசையை 45 டிகிரி வளைத்தால் போதும். அதே வேகத்தில் திருப்பி அனுப்பத் தேவைப்படும் தள்ளுதலில் இதற்கு வேண்டியது ஐந்தில் இரண்டு பங்குதான். மீதி உழைப்பு எல்லாம் பந்துவீச்சாளருடையது. அவர் வேகமாகப் போடப்போட இவருக்கு நல்லது. 36 வயதுக்காரருக்கு ஏற்ற இயற்பியல்.

ஆனால் ஸ்கூப்பை எப்போது அடிப்பது? மைதானத்தைப் பாருங்கள். எல்லைக்கோடு 65 மீட்டர் தூரத்தில் இருந்தால் அதன் சுற்றளவு 400 மீட்டருக்கு மேல். முதல் ஆறு ஓவர் முடிந்த பிறகும் வெளிவட்டத்தில் ஐந்து ஃபீல்டர்களுக்கு மேல் நிறுத்தக் கூடாது என்பது விதி. ஆளுக்கு 80 மீட்டர். தரையோடு ஓடும் பந்து கோட்டைத் தொடுவதற்குள் ஒரு ஃபீல்டர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 20 மீட்டர் ஓடலாம். ஆக, எல்லைக்கோட்டில் பாதி எப்போதும் காலி. எந்தப் பாதி என்பதைப் பந்துவீச்சாளரின் திட்டம் முடிவுசெய்கிறது. வெளியே யார்க்கர் போடப்போகிறார் என்றால் பாயின்ட், கவர் பக்கம் ஆளைக் குவிப்பார், காலுக்குப் பின்னால் இடம் காலியாகும். ஃபீல்டர்கள் நிற்கும் இடமே, வரப்போகும் பந்தைப் பற்றிய துப்பு. குவார்ட்டர்பேக் பந்து வருமுன்பே எதிரணியின் நிலையைப் படிப்பது போலத்தான்.

பாலக்காட்டுக்குக் கிழக்கே எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறை பக்கமோ, எல்லை தாண்டிப் பொள்ளாச்சி பக்கமோ டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பக்கம் கிணறு, அங்கே அடித்தால் அவுட். இன்னொரு பக்கம் தென்னந்தோப்பு, பந்து போனால் கிடைக்காது. மிச்சமிருக்கும் ஒரு கோணத்தில் ரன் எடுக்கப் பழகியவர் எல்லோரும் வடிவியல் படித்தவர்தான். பந்தின் வேகம்தான் வேறே.

இன்னொரு கேள்வி: இத்தனை ஆபத்தான அடிகளை ஏன் அடிக்க வேண்டும்? ஃபிராங்க் டக்வொர்த், டோனி லூயிஸ் என்ற இரு கணிதவியலாளர்கள் மழை ஆட்டங்களுக்காக 1997 முதல் புழக்கத்துக்கு வந்த ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். ஓர் அணியிடம் இருக்கும் சொத்து இரண்டு: மீதிப் பந்துகள், மீதி விக்கெட்டுகள். இரண்டும் சேர்ந்ததே 'வளம்'. மூன்றாவது ஓவரில் ஒரு விக்கெட் போனால் பெரிய நஷ்டம். கடைசி மூன்று ஓவரில் ஐந்து விக்கெட் கையில் இருந்தால், ஒன்று போனாலும் நஷ்டம் சொற்பம். வீணாகும் ஒரு பந்துதான் பெரிய நஷ்டம். மூன்றாவது ஓவரில் முட்டாள்தனமான அதே அடி 18ஆவது ஓவரில் புத்திசாலித்தனம். பெங்களூரு அணி நிர்வாகம் தினேஷ் கார்த்திக்குக்குக் கொடுத்த வேலை இந்தக் கடைசிப் பகுதி மட்டும்தான். மூன்று மணி நேர ஆட்டத்தில் சராசரியாகப் பதினொரு பந்துக்கு ஒரு நிபுணர்.

விளைவு: ஓவருக்குச் சரியாக 11 ரன், ஸ்டிரைக் ரேட் 183.33. அந்த சீசனின் அதிவேக மட்டையாளர் விருதும் அவருக்குத்தான். சராசரி 55 என்று போடுவார்கள், அதை நம்பி மயங்காதீர்கள். 16 முறை இறங்கி 10 முறை நாட் அவுட். 330ஐ ஆறால் வகுத்தால் வருவது 55. என்னைக் கேட்டால், 30 பந்துக்கு ஒரு முறைதான் அவுட் என்பதே பெரிய ஆச்சரியம். அவ்வளவு வேகமாக அடிப்பவர் அவ்வளவு நேரம் நிற்கக் கூடாது.

ஜூன் 17 அன்று ராஜ்கோட்டில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 27 பந்தில் 55. இந்தியாவின் முதல் டி20 ஆட்டத்தில் ஆடியவருக்கு, சர்வதேச டி20யில் தன் முதல் அரைசதத்தை எடுக்கப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

அப்புறம்? அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த டி20 உலகக் கோப்பையில் மூன்று முறை இறங்கி 14 ரன். 2023 ஐ.பி.எல்.லில் 13 ஆட்டத்தில் 140. அப்படியானால் 2022 வெறும் அதிர்ஷ்டமா? 180 பந்து என்பது சிறிய அளவுதான். அசாதாரணமான ஒரு அளவீட்டுக்குப் பிறகு வருவது பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும் என்று பிரான்சிஸ் கால்டன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே காட்டியிருக்கிறார். 'சராசரிக்குத் திரும்பல்' என்பார்கள். விஞ்ஞானி இந்த இடத்தில் இன்னும் தரவு கேட்பார்.

தரவு 2024இல் வந்தது. 38 வயது, 326 ரன், ஸ்டிரைக் ரேட் 187.36. ஹைதராபாத்துக்கு எதிராக 35 பந்தில் 83. அதில் ஒரு சிக்ஸர் 108 மீட்டர். இரண்டு சீசனையும் சேர்த்தால் 354 பந்தில் 656 ரன். நடுவே ஒரு மோசமான ஆண்டு இருந்தாலும், இத்தனை பந்துகளுக்குத் தற்செயல் தாங்காது.

2024 ஜூன் 1, தன் 39ஆவது பிறந்தநாளில் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார். அடுத்த மாதமே பெங்களூரு அணி அவரை மட்டைவீச்சுப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது. 2025 மே 27 அன்று லக்னோவில் 228 ரன்னைத் துரத்தும்போது, அவர் விட்டுப்போன இடத்தில் ஆடிய விக்கெட் கீப்பர் ஜிதேஷ் சர்மா 33 பந்தில் 85 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். ஒரு வாரம் கழித்து, ஜூன் 3 அன்று, பெங்களூரு தன் முதல் ஐ.பி.எல். கோப்பையை வென்றது.